பெட்டியடியில் வளர்ந்த நாணயம்

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் கையில் எண்ணித் தரும் காசையும் குறிக்கிறது, கொடுத்த வாக்கைத் தவறாமல் காக்கும் குணத்தையும் குறிக்கிறது. 'கடன்' என்பதும் அவ்வாறே திருப்பித் தர வேண்டிய பணத்துக்கும் செய்து முடிக்க வேண்டிய கடமைக்கும் பொதுப் பெயராக நிற்கிறது. பணத்துக்கும் பண்புக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மொழி பேசும் மக்கள் பல தலைமுறைகளாகப் புழங்கி வந்திருக்கிறார்கள் என்றால், வணிகத்தில் இவ்விரண்டும் பிரியாமல் இயங்குவதை அவர்கள் அன்றாடம் கண்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். திருக்குறளில் வாணிகம் செய்வோருக்கான அறிவுரை பொருட்பாலில் இடம்பெறாமல், அறத்துப்பாலில் நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளாக அமைந்திருப்பதும் இந்தப் பார்வையோடு ஒத்துப்போகிறது.

வணிகத்தில் வெற்றி பெற்றவர்களைப் பற்றிப் பேசும்போது முதல், மூளை, வாய்ப்பு ஆகிய மூன்றும் விரிவாக ஆராயப்படுகின்றன. நேர்மை, பொறுமை, சிக்கனம், காலந்தவறாமை போன்ற குணங்களோ பாராட்டுரைகளில் வந்து போகின்றனவே தவிர, அவை ஒரு மனிதரிடம் எப்படி உண்டாகின்றன, எதனால் நிலைக்கின்றன, எந்த இடத்தில் கைகொடுக்காமல் போகின்றன என்ற கேள்விகள் அரிதாகவே எழுகின்றன. குணம் பிறவியிலேயே வருவது என்று நம்பிவிட்டால் இந்தக் கேள்விகளுக்கு வேலை இல்லை. ஆனால் குணத்தையும் ஒரு தொழிலைப் போலக் கற்பிக்கலாம், பழக்கலாம், சோதித்துப் பார்க்கலாம் என்று கருதி, அதற்கென முழுமையான ஒரு நடைமுறையையே வகுத்துக்கொண்ட வணிகர்கள் தமிழகத்தில் இருந்தார்கள். நகரத்தார் என்றும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்றும் அழைக்கப்படும் அந்தச் சமூகத்தின் கடல் கடந்த வட்டித் தொழில், வணிகத்துக்கு வேண்டிய குணங்கள் எவை என்பதையும், அந்தக் குணங்களின் எல்லை எது என்பதையும் ஒருசேரக் காட்டும் அரிய சான்றாகும்.

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் செட்டிநாட்டு ஊர்கள் மழை குறைந்த செம்மண் பகுதியைச் சேர்ந்தவை. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது கோயில்களைச் சார்ந்த பிரிவுகளாக வாழ்ந்த நகரத்தார், 17ஆம் நூற்றாண்டில் உப்பு வணிகத்தில் ஈடுபட்டிருந்து, பின்னர் நெல், பருத்தி, பணம் எனப் படிப்படியாக நகர்ந்து, ஆங்கிலேயர் ஆட்சி பரவிய வழியே இலங்கை, பர்மா, மலேயா என்று சென்றவர்கள். 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானது; 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பியச் சந்தைக்கு அரிசி அனுப்புவது எளிதாயிற்று; ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடாகவும் சதுப்பாகவும் கிடந்த நிலம் வயலாக மாறத் தொடங்கியது. காட்டை வெட்டி முதல் விளைச்சலைக் காணும் வரை உழவருக்குப் பணம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் அந்த உழவரிடம் நேரடியாகச் செல்லத் தயாராக இல்லை. அந்த இடைவெளியில் செட்டியார் கடைகள் முளைத்தன. 1930இல் வெளியான பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவற்றில் புழங்கிய பணம் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அன்றைய ரூபாயின் மதிப்பை எண்ணிப் பார்த்தால்தான் இந்தத் தொகையின் கனம் விளங்கும்.

இத்தனை பெரிய தொகையை ஆள்வதில் இருந்த அடிப்படைச் சிக்கல் நம்பிக்கையைப் பற்றியது. பணத்துக்கு உரியவர் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார்; பணம் வங்காள விரிகுடாவுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் உழவர் கையில் இருக்கும்; இரண்டுக்கும் நடுவே இருப்பவர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஒரே ஒரு மேலாள். மேலாள் என்பவர் முதலாளியின் பெயரால் கடன் கொடுக்கவும் வசூலிக்கவும் வழக்குத் தொடுக்கவும் அதிகாரம் பெற்ற முகவர். அவர் பொய்க் கணக்கு எழுதினால் உடனே கண்டுபிடிக்க வழியில்லை, தவறான ஆளுக்குக் கடன் கொடுத்தால் தடுத்து நிறுத்த ஆளில்லை, பணத்தோடு மறைந்துவிட்டால் துரத்திப் பிடிப்பது பெரும்பாடு. ஆயினும் இந்த ஏற்பாடு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நிலைத்து நடந்தது. மேலாட்கள் எல்லோரும் இயல்பிலேயே உத்தமர்களாக இருந்ததால் அது நடந்தது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் எப்படி வார்க்கப்பட்டார்கள் என்பதைக் கவனித்தால் வேறு விளக்கம் கிடைக்கிறது.

வார்ப்பு தொடங்கிய இடம் பெட்டியடி. செட்டியார் கடைகளில் நாற்காலி, மேசை கிடையாது; தரையில் பாய் விரித்து, சாய்ந்த மூடி கொண்ட தாழ்வான மரப்பெட்டி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு அமர்ந்து, அந்த மூடியின் மேலேயே கணக்கு எழுதி, அதே பெட்டிக்குள் பணத்தையும் பத்திரங்களையும் வைத்துப் பூட்டுவார்கள். வேலை பழக வரும் சிறுவன் அந்தப் பெட்டியின் அருகில் அமர்த்தப்படுவதால் 'பெட்டியடிப் பையன்' எனப்பட்டான். விடியுமுன் எழுந்து கடையைப் பெருக்குவது, விளக்கேற்றுவது, பெரியவர்களுக்கு ஏவல் செய்வது, கடிதங்களைக் கொண்டு போய்ச் சேர்ப்பது, பணத்தை எண்ணி அடுக்குவது எனத் தொடங்கும் அவன் வேலை, வசூலுக்குச் செல்வோருடன் துணைக்குப் போவது, கணக்கைப் படியெடுப்பது என மெல்ல வளரும். பல ஆண்டுகள் இப்படிப் பழகிய பின் 'அடுத்தாள்', அதாவது மேலாளுக்கு அடுத்த நிலையில் உள்ளவர் ஆகலாம். அதற்கும் பிறகே மேலாள். செல்வர் வீட்டுப் பிள்ளையும் வேறொருவர் கடையில் இந்தப் படிகளை ஏறி வருவது வழக்கமாக இருந்தது. அப்பச்சியின், அதாவது தந்தையின், கடையில் அமர்ந்தால் பிள்ளை என்ற சலுகை தானாக வந்துவிடும். பிறத்தியார் கடையில் விளக்குத் துடைத்தால்தான் பணத்தின் அருமையும் பணிவும் ஒருங்கே படியும் என்ற தெளிவு அதில் இருந்தது. இன்று தொழில் நடத்தும் குடும்பங்களில் வாரிசுகளைப் படிப்பு முடிந்ததும் நேராக இயக்குநர் நாற்காலியில் அமர்த்துவதைக் காணும்போது, அந்தப் பழைய முறையின் நுட்பம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

பெட்டியடியில் முதலில் பழக்கப்பட்ட குணம் துல்லியம். செட்டிநாட்டுத் திண்ணைகளில் பயின்ற சிறுவர்கள் எண்சுவடி என்னும் வாய்ப்பாட்டு நூலை மனப்பாடமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதில் முழு எண்களின் பெருக்கலோடு பின்னங்களின் பெருக்கலும் இருந்தது: இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, 320இல் ஒரு பங்கு முந்திரி. ஒரு சிறுவன் முந்திரியை முந்திரியால் பெருக்கப் பழகுவது வெறும் கணக்குத் திறனுக்காக மட்டும் இல்லை. வட்டி என்பது சிறிய பின்னங்கள் நாள்தோறும் சேர்ந்து வளர்வது என்பதையும், இன்று அலட்சியமாக விட்ட ஒரு துளி மூன்று ஆண்டுகளில் என்னவாகும் என்பதையும் அவன் விரல் நுனியில் உணர்வதற்கு அதுவே வழி. சிறியதில் கவனம் தவறாதவர் பெரியதில் தவறு செய்ய அஞ்சுவார் என்பது கணக்கெழுதிப் பழகிய எவருக்கும் தெரிந்ததே.

துல்லியத்தைத் தாங்கி நின்றவை ஏடுகள். ஒவ்வொரு நாளின் வரவும் செலவும் நடந்த வரிசையில் பதியும் குறிப்பேடு ஒன்று. அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்து எழுதும் பேரேடு ஒன்று. இன்னாருக்கு எவ்வளவு கொடுத்தோம், இன்னாரிடமிருந்து எவ்வளவு வாங்கினோம் என்பதைப் பேரேட்டின் ஒரு பக்கத்தைப் புரட்டினால் சொல்லிவிடலாம். பற்றையும் வரவையும் எதிரெதிராக நிறுத்தி, கடையின் முழு நிலையையும் ஒரே பார்வையில் காட்டும் சுருக்கம் 'ஐந்தொகை' எனப்பட்டது. இலங்கைத் தமிழில் நிறுவனங்களின் இருப்புநிலைக் குறிப்புக்கு இன்றும் அந்தச் சொல்லே வழங்குகிறது. மேலாள் இந்த ஐந்தொகையை உரிய காலத்தில் தாயகத்துக்கு அனுப்ப வேண்டும். காரைக்குடித் திண்ணையில் அமர்ந்திருந்த முதலாளி, ரங்கூன் கடையை ஒருமுறைகூடப் பார்க்காமலேயே, எந்தக் கடன் நெடுநாளாக அசையாமல் கிடக்கிறது, எந்த வட்டி முதலோடு சேர்ந்துகொண்டே போகிறது என்று அந்தத் தாளிலிருந்து வாசித்துவிடுவார். நேர்மையைப் பற்றிய பேச்சில் கணக்கேட்டுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. அன்றன்றே எழுதும் பழக்கம் உள்ளவருக்கு உண்மையைத் திரிக்க வாய்ப்பும் குறைவு, திரிக்க வேண்டும் என்ற எண்ணம் எழும் நேரமும் குறைவு. நான்கு நாள் கழித்து நினைவிலிருந்து எழுதுபவரோ தம்மை அறியாமலேயே தமக்குச் சாதகமாக எழுதிவிடுகிறார். சிறு கடை நடத்தி நொடித்துப் போன பலரின் துயரத்தை ஆராய்ந்தால், ஏமாற்றும் நோக்கத்தைவிட எழுதாமல் விட்ட கணக்கே அதற்குக் காரணமாக இருப்பதைக் காணலாம்.

மேலாளின் பணிக்காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கும் அவருக்கு உண்டு. காலம் முடிந்ததும் அடுத்து வரும் மேலாளிடம் கணக்கையும் கடன்காரர்களையும் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பி, குடும்பத்தோடு சில காலம் இருந்து, மீண்டும் புறப்படுவார். தம் கணக்கை இன்னொருவர் வரிக்கு வரி பார்க்கப் போகிறார் என்ற அறிவு முதல் நாளிலிருந்தே அவருடன் இருந்தது. கடையின் அமைப்பும் அதற்குத் துணை செய்தது. ரங்கூன் மொகல் தெருவிலும், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும், கொழும்பில் செட்டியார் தெரு என்று இன்றும் தமிழர் வழங்கும் தெருவிலும் அவர்கள் கூடித் தொழில் செய்தார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் 'கிட்டங்கி' எனப்பட்ட நீண்ட கூடங்களில், ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு பாய், சுவரோரம் ஓர் அலமாரி என வரிசையாக அமைந்திருந்தன. பல கடைக்காரர்கள் ஒரே கூரையின் கீழ்த் தொழில் செய்து, அங்கேயே உண்டு உறங்கினார்கள். யாரிடம் யார் வந்து போகிறார், எவருடைய செலவு வருமானத்தை மீறுகிறது, எவர் முகம் வாடியிருக்கிறது என்பது அடுத்த பெட்டிக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அங்கு நடந்த தவறு அடுத்த கப்பலில் ஊருக்கு வந்து சேரும். தவறியவருக்கு வேலை கிடைக்காது என்பதோடு, அவர் வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்குவார்கள்.

இந்தக் கண்காணிப்பு கடுமையானதே. ஒருவரது தவறுக்குக் குடும்பமே தலைகுனிய நேர்ந்ததில் இரக்கமற்ற தன்மையும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் நல்ல மனிதர்கள் தனியாக விடப்படும்போது தடுமாறுகிறார்கள் என்பதும், பார்ப்பதற்கு யாரேனும் இருக்கும்போது தம் இயல்பின் மேலான பக்கத்தை வெளிப்படுத்துகிறார்கள் என்பதும் மனித குலம் முழுவதற்கும் பொதுவான செய்தி. இதற்கு மாறான எடுத்துக்காட்டு சென்னையிலேயே உண்டு. நகரின் மிக மதிப்புவாய்ந்த ஆங்கில வணிக நிறுவனங்களுள் ஒன்றாக இருந்த அர்பத்னாட் கம்பெனி 1906 அக்டோபரில் திடீரென்று திவாலாயிற்று. அதில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்னாட் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்றார். கட்டடமும் பட்டமும் கொடுத்த நம்பிக்கையைக் கணக்கு தாங்கவில்லை. அந்த அதிர்ச்சியின் விளைவாக வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்முயற்சியில், நகரத்தார் சிலரின் ஆதரவோடு, 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது.

காலந்தவறாமை என்பதை இன்று கூட்டத்துக்கு நேரத்தில் வருவதாகச் சுருக்கிப் புரிந்துகொள்கிறோம். வட்டித் தொழிலில் அதன் பொருள் ஆழமானது. ஓர் ஊரில் பணத்தைக் கட்டிவிட்டு வேறோர் ஊரில் பெற்றுக்கொள்ள உதவும் சீட்டு 'உண்டியல்' எனப்பட்டது. கோயில் உண்டியல் என்ற பொருளே இன்று பெருவழக்காகிவிட்டாலும், வணிக மொழியில் அது காசோலையின் மூத்த உறவு. காட்டியவுடன் பணம் தர வேண்டியது தரிசன உண்டியல், குறித்த நாளில் தர வேண்டியது தவணை உண்டியல். ரங்கூனில் எழுதிய தரிசன உண்டியலை ஒருவர் மதுரையில் நீட்டும்போது, அதை வாங்கும் கை ஒரு கணம் தயங்கினாலும் அந்த விலாசத்தின் மதிப்பு சரியத் தொடங்கிவிடும். விலாசம் என்பது இங்கே முகவரியைக் குறிக்கவில்லை. பாட்டன், தந்தை, மகன் எனத் தலைமுறைப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த கடைப்பெயர் அது. ஒருவர் தவணை தவறினால் தம் பெயரோடு தம் பாட்டன் பெயரையும் சேர்த்தே கெடுக்கிறார் என்பதை அந்தப் பெயரமைப்பே நாள்தோறும் நினைவூட்டியது. செட்டியார்கள் தமக்குள் வாங்கிக் கொடுக்கும் பணத்துக்கான வட்டி விகிதமும் இரகசியமாகத் தீர்மானிக்கப்படவில்லை. ரங்கூனில் மாதந்தோறும் தங்கள் தண்டாயுதபாணி கோயிலில் கூடி, அந்த மாதத்துக்குரிய 'நடப்பு வட்டி' எவ்வளவு என்று பேசி முடிவு செய்தார்கள். தண்டாயுதபாணியின் சந்நிதியில் ஒப்புக்கொண்ட விகிதத்தை வெளியே வந்து மாற்றிச் சொல்ல யாருக்கும் துணிவு வராது.

கடன் கொடுப்பதற்கு முதல் அளவுகோல் பணமா சொத்தா என்று 1912இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று கேட்டபோது, அந்நாட்டின் மிகப் பெரிய வங்கியாளராக இருந்த ஜே. பி. மார்கன், இரண்டுக்கும் முன்னால் நிற்பது குணம் என்று விடையளித்தார். அதே காலத்தில் மொகல் தெருவில் பெட்டியடியில் அமர்ந்திருந்தவர்களுக்கு இந்தக் கருத்தில் புதுமை எதுவும் தெரிந்திருக்காது. இன்று ஓர் இளைஞர் கடை வைக்கக் கடன் கேட்டு வங்கிக்குச் சென்றால், அதிகாரி அவரது முகத்தைப் பார்க்குமுன் 300 முதல் 900 வரை அமையும் சிபில் மதிப்பெண்ணைப் பார்க்கிறார். வாங்கிய கடனை ஒருவர் உரிய தேதியில் திருப்பிச் செலுத்தினாரா என்பதையே அந்த எண் முதன்மையாக அளக்கிறது. விலாசம் செய்த வேலையில் ஒரு பகுதியைக் கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது. கைப்பேசித் தவணையைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டுப் பின்னர் வீட்டுக் கடனுக்கு அலையும் இளைஞர்களுக்கு இதை முன்கூட்டியே யாரேனும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

சிக்கனத்தை நகரத்தார் கடையில் கற்றதைவிட வீட்டில் கற்றதே அதிகம். திருமணமாகிச் சில காலத்தில் மணமக்களை அதே வீட்டுக்குள் தனிச் சமையல் செய்யும்படி 'வேறு வைப்பது' அவர்களின் வழக்கம். ஆண்டுக்கு இன்ன அளவு நெல், இன்ன அளவு பணம் என்று பெற்றோர் கொடுத்துவிடுவார்கள்; அதற்குள் குடும்பத்தை நடத்த வேண்டியது அந்த இளம் தம்பதியின் பொறுப்பு. கோயில் வரிக்கும் ஊர்ப் பொதுச் செலவுக்கும் அவர்கள் அப்போதே தனிப் 'புள்ளி', அதாவது தனிக் கணக்குக்குரிய குடும்பமாகப் பதியப்படுவார்கள். இருபது வயதுக்குள் வரவுக்குள் செலவு செய்யக் கற்ற ஒருவரிடம் முப்பதாவது வயதில் பிறர் பணத்தை ஒப்படைப்பதில் அச்சம் குறைவு. கணவர் மூன்று ஆண்டுகள் கடல் கடந்து இருக்கும்போது, வீடு, நிலம், பிள்ளைகள் படிப்பு, திருமணச் சீர் அனைத்தையும் நடத்தியவர்கள் ஆச்சிமார் எனப்பட்ட நகரத்தார் பெண்கள். சீதனமாக வந்த பணத்தைக் கடைகளில் வட்டிக்குப் போட்டு அதன் பெருக்கத்தைக் கவனித்து வந்தவர்களும் அவர்களே. செட்டிநாட்டின் வணிக வரலாறு ஆண்களின் பயணக் கதையாகவே எழுதப்படுகிறது. மேலாளின் மன அமைதி, ஊரில் இருந்த ஒரு பெண்ணின் நிர்வாகத் திறமையில் நின்றது என்பதை உரிய அழுத்தத்துடன் சொல்ல வேண்டும்.

இந்தச் சிக்கனத்துக்கு அருகிலேயே ஒரு முரண்பாடும் இருக்கிறது. பர்மா தேக்கும், இத்தாலியப் பளிங்கும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சும் கொண்ட பெருமாளிகைகளை எழுப்பியவர்களும் இதே நகரத்தார்தாம். கடையில் பழைய காகிதத்தின் பின்பக்கத்தையும் வீணாக்காதவர், ஊரில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டைக் கட்டினார். மாளிகை என்பது விலாசத்தின் வலிமையைப் பணம் போடுவோருக்கு உணர்த்தும் அடையாளமாகப் பயன்பட்டது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அந்த விளக்கத்தில் உண்மை உண்டு. எனினும் செலவில் ஒரு பகுதி அண்டை வீட்டோடு நடந்த போட்டியால் விளைந்தது என்பதையும், தொழிலுக்குத் திரும்பியிருக்க வேண்டிய முதல் கல்லிலும் மரத்திலும் முடங்கியது என்பதையும் பிற்கால இடர்கள் தெளிவாக்கின.

வணிகருக்கு வேண்டிய குணங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது மறுக்கத் தெரிதல். கடன் கேட்டு வருபவர் கண்ணீரோடு வரலாம், உறவைச் சொல்லிக்கொண்டு வரலாம், அதிக வட்டி தருவதாக ஆசை காட்டலாம். அவருடைய பயிரும் நிலமும் கடனைத் தாங்காது என்று தெரிந்தால் முகம் சுளிக்காமல் 'இப்போது வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்குக் கேட்பவரின் நிலத்தை, நீர்வசதியை, குடும்பத்தை, பழைய கடனை நேரில் சென்று அறிந்திருக்க வேண்டும். அறிந்ததை வெளியே பேசாத வாயடக்கமும் வேண்டும். கீழ்ப்பர்மாவில் ஏறக்குறைய எல்லா உழவருக்கும் ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் ஒரு செட்டியார் கடை இருந்ததாக வங்கி விசாரணைக் குழு எழுதியது. அந்த அண்மைதான் அவர்களுக்கு இந்த அறிவைக் கொடுத்தது. லாபத்தில் ஒரு பகுதியை 'மகமை' என்ற பெயரில் கோயிலுக்கும் அறத்துக்கும் முன்கூட்டியே ஒதுக்கிக் கணக்கில் எழுதும் பழக்கமும் இங்கே குறிப்பிடத் தக்கது. ஈட்டியது முழுவதும் தமதே என்ற எண்ணம் தலைதூக்காமல் அது ஓரளவு காத்தது.

இத்தனை குணங்களும் சேர்ந்த பின்னும் 1930இல் அடி விழுந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் அரிசி விலை பாதாளத்துக்குச் சரிந்தது. உழவரால் முதலையும் கட்ட முடியவில்லை, வட்டியையும் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் விளைநிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு அவர்களுடையதாக இருந்தது. 1930களின் இறுதிக்குள் அது 25 பங்கை எட்டியது. செட்டியார்கள் நிலத்துக்காகத் தொழில் செய்தவர்கள் இல்லை. பணத்தைப் பணமாகத் திரும்பப் பெறுவதே அவர்களுக்கு உயிர். வயலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் தவித்தார்கள் என்பதே சரி. ஆனால் தலைமுறையாகக் காட்டைத் திருத்தி வயலாக்கிய பர்மிய உழவருக்கு அந்தத் தவிப்பு எப்படித் தெரியும்? தன் நிலம் கடல் கடந்து வந்த ஒருவர் பெயருக்கு மாறியதை மட்டுமே அவர் கண்டார். அதே 1930இன் இறுதியில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி வெடித்தது. செட்டியார் என்ற சொல் பர்மிய அரசியலில் வெறுப்புக்குரிய சொல்லாக மாறியது.

இந்த இடத்தில் நேர்மையான மதிப்பீடு தேவை. அரிசி விலையைச் செட்டியார்கள் சரிக்கவில்லை. அவர்களின் கணக்கு பெரும்பாலும் ஒழுங்காகவே இருந்தது. ஐரோப்பிய வங்கிகள் திரும்பியும் பாராத உழவருக்கு, சில்லறை லேவாதேவிக்காரர்களைவிடக் குறைந்த வட்டியில் அவர்கள் கடன் கொடுத்தார்கள். ஆனாலும் அவர்களது நாணயத்தின் வட்டம் சிறியது. பணம் போட்டவருக்கும், உண்டியல் கொண்டு வந்தவருக்கும், அடுத்த பெட்டிக்காரருக்கும் அது முழுமையாகக் கிடைத்தது. அந்த மண்ணின் உழவர் அதற்குள் கடனாளியாக மட்டுமே இடம்பெற்றார். அவருடன் தொழிலைத் தவிர வேறு எந்தப் பந்தமும் வளரவில்லை. மூன்று ஆண்டு முடிந்ததும் ஊர் திரும்பும் வழக்கம் கணக்கைச் சுத்தமாக வைத்திருந்தது. அதே வழக்கம் அந்த நாட்டில் அவர்களை வேரூன்ற விடாமலும் தடுத்தது. பெட்டியடியிலிருந்து அடுத்த பெட்டியைப் பார்த்த கண், வாசலுக்கு வெளியே நின்றவரை அதே கூர்மையோடு பார்க்கவில்லை. திருக்குறள் வாணிகத்தை நடுவுநிலைமைக்குள் வைத்ததன் பொருள் இங்கேதான் உறைக்கிறது.

1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது, இந்தியர்கள் லட்சக்கணக்கில் கப்பலிலும் கால்நடையாகவும் தாயகம் திரும்பினர். வழியில் மாண்டவர்கள் பலர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1962இல் ஆட்சியைப் பிடித்த படைத்தலைவர் நே வின் அடுத்த ஆண்டே வங்கிகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கத் தொடங்கினார். மூன்று தலைமுறைகளின் உழைப்பு, பேரேட்டில் பற்றாக எழுதப்பட்ட நிலையிலேயே நின்று போயிற்று.

இடரிலிருந்து மீண்டவர்களிடம் காணப்பட்ட குணம், பழைய பட்டியலில் இல்லாத ஒன்று: பழகிய தொழிலைக் கைவிடும் துணிவு. 1900இல் பர்மாவில் வட்டிக்கடையாகத் தொடங்கிய முருகப்பா குடும்பம், ஜப்பானியப் படை வருவதற்கு முன்பே, 1930களில், முதலைத் தமிழகத்துக்கு மாற்றத் தொடங்கி, 1949இல் பிரித்தானிய நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து மிதிவண்டித் தொழிலுக்கு வந்தது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், அயல்நாட்டுச் செலாவணியில் தேர்ச்சி பெற்ற நவீன வங்கி வேண்டும் என்று எண்ணி, 1937 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். முதல் நாளிலேயே காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் கிளைகள் திறந்தன. உண்டியல் தொழிலில் ஊறிய ஒருவர், உண்டியலின் காலம் முடியப் போகிறது என்பதை ஒப்புக்கொண்டு அதற்கு மாற்றாக வங்கியை அமைப்பது எளிய செயலன்று. துல்லியமும் தவணை தவறாமையும் அவருடன் புதிய கட்டடத்துக்கு வந்தன. தரைப்பாயும் மரப்பெட்டியும் பின்னே தங்கிவிட்டன. அழகப்பச் செட்டியாரோ காரைக்குடியில் தேசிய ஆய்வகம் ஒன்று அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வணிகத்தில் வந்த பணம் அறிவாக மாறியதன் அடையாளமாக இன்றும் இயங்குகிறது.

மாற முடியாத குடும்பங்கள் வீட்டைக் கழற்றி விற்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் மாளிகைகளின் தேக்குத் தூண்களும் கதவு நிலைகளும் பீங்கான் சாடிகளும் குவிந்து கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே, சாய்ந்த மூடி போட்ட தாழ்வான கணக்குப் பெட்டிகளும் விலைக்கு வருகின்றன. வரவேற்பறையில் அழகுக்கு வைக்க அவற்றை வாங்கிச் செல்வோர் உண்டு. மூடியைத் தூக்கினால் காசுக்கும் பத்திரத்துக்கும் தனித்தனி அறைகள் இருக்கும். மூடியின் மேற்புறத்தில், எழுதும் கை படிந்து படிந்து வழவழப்பாகிப் போன ஓர் இடம் இருக்கும்.